பண்டித அயோத்திதாசர்: ஒருவரும் அவர் தாங்கிய பெயர்களும்

ஒருவரை நோக்கி, நீவிர் யாவர் என்று வினவினால், அவர் முதலில் தம் பெயரைச் சொல்லுவார்; அடுத்துத் தம் தொழிலைச் சொல்லுவார்; அதன்பின் ஊரையும் குலத்தையும் சொல்லுவார். இவற்றுள் ஒன்றேனும் அவர் ஆராய்ந்து தேர்ந்து கொண்டதன்று. பெயர் பெற்றோர் இட்டது. தொழில் வறுமை இட்டது. குலம் ஊரார் இட்டது. காலையில் எழுந்து வேலைக்குச் சென்று, மாலையில் அயர்ந்து வீடு திரும்பும் மனிதன் நாளடைவில் இவற்றையே தானென்று எண்ணிப் பழகிவிடுகிறான். பிறர் இட்ட பெயர் இழிவுடையதாயின், அவ்விழிவும் தன்னுடையதே என்று நம்பிவிடுகிறான். இந்நம்பிக்கையே அடிமைத்தனத்தின் ஆணிவேர்.

நம் பெங்களூரின் தண்டுப் பகுதியில் குடியேறிய தமிழ் மக்களின் வரலாற்றை நோக்கின் இவ்வுண்மை நன்கு விளங்கும். 1809ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை இங்கே பாசறை அமைத்தது. அதனைத் தொடர்ந்து தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் பல வந்து சேர்ந்தன. 1864ஆம் ஆண்டில் சோலையார்பேட்டையிலிருந்து தண்டு நிலையம் வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அவ்வரவு பெருகிற்று. அல்சூரிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் அவர்கள் வாழ்ந்தனர். வெள்ளையர் மாளிகையில் ஒருவர் பட்லர், ஒருவர் ஆயா. லாயத்தில் ஒருவர் குதிரைக்காரர். படையில் ஒருவர் சாப்பர். கட்டட வேலையில் ஒருவர் சித்தாள். ஊரை விட்டு அவர்கள் நெடுந்தொலைவு வந்துவிட்டனர். ஆயினும் சேரியில் இட்ட பெயர் அவர்களைப் பின்தொடர்ந்தே வந்தது. தொழில் மாறிற்று, ஊர் மாறிற்று, அப்பெயர் மட்டும் மாறவில்லை.

இத்தகைய மக்களிடம், நீங்கள் அப்பெயரினர் அல்லீர், உங்களுக்கு வேறொரு வரலாறு உண்டு, வேறொரு நெறி உண்டு என்று எடுத்துரைத்தவர் பண்டித க. அயோத்திதாசர். அவர் சென்னை இராயப்பேட்டையில் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் பெங்களூரிலும், கோலார் தங்கவயலிலும், ஹூப்ளியிலும், இரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலிலும் தோன்றின. இன்று தமிழ் பேசும் பௌத்தர் யாவரும் ஒருவகையில் அவருடைய மரபினரே. அவர் ஏற்ற பெயர்களையும் தள்ளிய பெயர்களையும் வழியாகக் கொண்டு அப்பெரியாரின் வாழ்க்கையை இங்கே சுருங்க உரைப்போம்.

குருவின் பெயர்

பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கந்தசாமி. பெற்றோர் குழந்தைக்கு இட்ட பெயர் காத்தவராயன். நாட்டுப்புற மக்கள் வழிபடும் தெய்வத்தின் பெயர் அது. குடும்பம் நீலகிரிக்குக் குடிபெயர்ந்தமையால் அவருடைய இளமை மலைநாட்டில் கழிந்தது.

அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராக இருந்தவர். வீட்டில் வழிவழியாகக் காத்துவந்த திருக்குறள் ஓலைச்சுவடியை அவர் தம் துரையின் வாயிலாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்று பண்டிதர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். இச்செய்தியில் நாம் கருத்தூன்ற வேண்டிய ஒன்றுண்டு. அம்மாளிகையில் நாள்தோறும் தட்டேந்தி நின்றவரை யாவரும் பட்லர் என்றே அறிந்திருப்பர். அவர் வீட்டுப் பரணில் குறளும் நாலடியும் இருந்தமை எவருக்குத் தெரியும்? ஒருவர் செய்யும் வேலை அவர் யாவர் என்பதை முழுதும் உரைத்துவிடாது என்பதைப் பண்டிதர் ஏட்டில் கற்பதற்கு முன்பே தம் குடும்பத்தில் கண்டார்.

இளமையில் அவருக்குக் கல்வி புகட்டியவர் வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதர் என்னும் புலவர். தமிழ் இலக்கண இலக்கியங்களும் சித்த மருத்துவமும் அவரிடம் கற்றார். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் பயிற்சி பெற்றார். ஆசிரியரிடம் கொண்ட பேரன்பினால் காத்தவராயன் என்னும் தம் பெயரை நீக்கி, அயோத்திதாசர் என்னும் ஆசிரியர் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொண்டார். பிறப்பால் வந்த பெயர் கழிந்து, அறிவால் வந்த பெயர் நிலைத்தது. அவர் வாழ்வில் நிகழ்ந்த பெயர் மாற்றங்களுள் இது முதலாவது. பின்னர் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் இதுவே வித்து எனலாம்.

மருத்துவர்

பண்டிதரின் அன்றாடத் தொழில் மருத்துவம். இராயப்பேட்டையில் அவரை நாடி வந்தவர் பலர். சாதி மதம் பாராது யாவருக்கும் அவர் மருந்தளித்தார். இளமையில் கைகால் முடங்கி வருந்திய திரு. வி. கலியாணசுந்தரனார் பண்டிதரின் மருத்துவத்தால் நலம் பெற்றார் என்பது தமிழுலகம் அறிந்த செய்தி. திரு. வி. க. அவர்கள் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் அதனை நன்றியுடன் பதிந்து வைத்துள்ளார்.

நாடி பிடித்துப் பார்க்கும் மருத்துவர் நோயாளியின் குலத்தைக் கையில் காண்பதில்லை. வாதமும் பித்தமும் ஐயமும் எல்லா உடம்பிலும் ஒன்றே. நாள்தோறும் இவ்வுண்மையைத் தொட்டுணர்ந்த ஒருவர், பிறப்பால் மனிதர் வேறுபடுவர் என்னும் கொள்கையை எவ்வாறு ஏற்பார்? பண்டிதரின் சமூகக் கொள்கையில் அவருடைய மருத்துவத் தொழிலுக்கும் பங்குண்டு என்று கருதுகிறோம். நோயின் பெயரைப் பிழையாக அறிந்தவன் மருந்தையும் பிழையாகவே கொடுப்பான். ஆதலால் தம் மக்களைப் பற்றிய நோய்க்கும் முதலில் சரியான பெயரைத் தேடினார்.

குடிமதிப்பும் பெயர்ப் போரும்

1870களில் பண்டிதர் நீலகிரியில் அத்வைதானந்த சபையை நிறுவினார். ஆன்மா ஒன்றே என்னும் வேதாந்தம் மக்களை ஒன்றாக்கும் என்று அப்போது அவர் எண்ணியிருத்தல் வேண்டும். ஆனால் ஆன்மா ஒன்று என்று உரைத்த நாவே கிணற்றையும் கோயிலையும் வேறு என்று உரைத்தது. அந்நெறி தமக்கு வழி காட்டாது என்று அவர் உணர்ந்தார். 1885ஆம் ஆண்டில் அருள்திரு ஜான் இரத்தினம் அவர்களுடன் கூடித் திராவிட பாண்டியன் என்னும் இதழை நடத்தினார்.

அக்காலத்தில் ஆங்கில அரசாங்கம் மக்கள் தொகைக் கணக்கு எடுக்கத் தொடங்கியிருந்தது. இதனைக் குடிமதிப்பு என்றும் கூறுவர். ஒவ்வொருவரின் பெயர், தொழில், சாதி, மதம் ஆகியவை ஏட்டில் ஏறின. ஊர்வாயில் உலவிய பெயர் அரசாங்க ஏட்டில் ஏறியதும் கல்வெட்டுப் போல நிலைத்துவிடும் என்பதைப் பண்டிதர் உணர்ந்தார். 1881ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போதே தம் மக்களை ஆதித்தமிழர் என்று பதிய வேண்டும் என்று அரசாங்கத்தை வேண்டினார். 1886ஆம் ஆண்டில், தீண்டத்தகாதார் எனப்பட்டோர் இந்துக்கள் அல்லர், அவர்களே இந்நாட்டின் பூர்வகுடிகள், சாதிபேதமற்ற திராவிடர்கள் என்று அறிக்கை வெளியிட்டார்.

1891ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் நீலகிரியில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. கல்வி, வேலை, பொதுக்கிணறு ஆகியவை பற்றிய கோரிக்கைகள் அவற்றுள் இருந்தன. இழிபெயரால் மக்களை வைவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. சோற்றுக்கும் கல்விக்கும் இணையாகப் பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்தது பண்டிதரின் நுண்ணறிவைக் காட்டுகிறது. அத்தீர்மானங்கள் காங்கிரசுக்கும் அனுப்பப்பட்டன, பயன் விளையவில்லை.

1892ஆம் ஆண்டில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபையின் கூட்டம் நடைபெற்றது. நீலகிரியின் சார்பில் சென்ற பண்டிதர், தம் மக்களைக் கோயிலுக்குள் விடாமைக்குக் காரணம் என்ன என்று வினவினார். தஞ்சையிலிருந்து வந்திருந்த சிவராம சாஸ்திரி என்பவர், உங்களுக்கென மதுரைவீரன், காட்டேரி, கருப்பண்ணன் முதலிய சாமிகளைக் கொடுத்திருக்கிறோம், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர் அல்லர் என்னும் பொருள்பட விடையிறுத்தார். அங்ஙனமாயின் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டா, எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும், எங்கள் மக்களுக்குத் தரிசு நிலமும் கிடைக்க வழி செய்க என்னும் கருத்தில் பண்டிதர் மறுமொழி கூறினார். தெய்வத்தையும் அளந்து கொடுக்கும் மதத்தில் தமக்கு இடமில்லை என்பது அன்று அவருக்கு ஐயமற விளங்கியது.

இரு வழிகள்

இவ்விடத்தில் மற்றொரு பெரியாரையும் நினைவுகூர்தல் வேண்டும். பண்டிதரின் உறவினராகிய இரட்டைமலை சீனிவாசனார் 1893ஆம் ஆண்டில் பறையன் என்னும் பெயரிலேயே ஓர் இதழைத் தொடங்கினார். எப்பெயரைச் சொல்லி உலகம் தம்மை இகழ்ந்ததோ அப்பெயரையே கொடியாக உயர்த்திப் பிடித்தார். பெயரைக் கண்டு நாணி ஒளிப்பவனுக்கு உரிமை கிட்டாது என்பது அவர் கொள்கை. பண்டிதரோ அப்பெயர் பகைவர் இட்ட பொய்ப்பெயர், அதனை ஏற்பது பொய்யை ஏற்பதாகும் என்றார்.

ஒரே காலத்தில், ஒரே மக்களுக்காக உழைத்த இருவர் நேர் எதிரான இரு வழிகளில் சென்றனர். எவர் வழி சரி என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. சீனிவாசனார் அப்பெயரின் நச்சுப் பல்லைப் பிடுங்கி அதனைக் கையில் ஏந்தினார்; பண்டிதர் அதனை வீட்டுக்குள் விட மறுத்தார். இருவரும் அப்பெயருக்கு அஞ்சவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டியது.

கொழும்புப் பயணம்

மறுக்க வேண்டியவற்றை மறுத்தாயிற்று. ஏற்க வேண்டியது யாது என்னும் வினா எஞ்சி நின்றது. இந்துவல்லன் என்று மட்டும் கூறி ஒருவன் வாழ இயலுமோ? இல்லை என்னும் சொல்லின்மேல் வீடு கட்ட இயலாது. பண்டிதர் பழந்தமிழ் நூல்களையும் நிகண்டுகளையும் சுவடிகளையும் ஆராய்ந்து, தம் மக்களின் முன்னோர் பௌத்தர் என்னும் முடிவுக்கு வந்தார்.

அந்நாளில் அடையாற்றில் இருந்த கர்னல் ஆல்காட் அவர்கள் 1894ஆம் ஆண்டு முதல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தி வந்தார். அவர் 1880ஆம் ஆண்டில் இலங்கையில் பஞ்சசீலம் ஏற்றவர். பண்டிதரும் ஆசிரியர் பி. கிருஷ்ணசாமியாரும் அவரை அணுகித் தம் கருத்தை உரைத்தனர். 1898ஆம் ஆண்டில் அவர்கள் ஆல்காட்டுடன் கொழும்புக்குச் சென்றனர். அநகாரிக தர்மபாலரும் இதற்குத் துணை நின்றார். இத்தர்மபாலரும் டேவிட் ஹேவாவிதாரண என்னும் பெயரைத் துறந்து அறத்தின் காவலர் என்னும் பொருளுடைய பெயரை ஏற்றவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. மாளிகாகந்தையில் வித்தியோதய பிரிவெனாவின் தலைவராகிய ஹிக்கடுவே சுமங்கல மகாநாயக தேரரிடம் அவர்கள் திரிசரணமும் பஞ்சசீலமும் பெற்றனர். சென்னை திரும்பியதும் அவ்வாண்டிலேயே சாக்கிய பௌத்த சங்கம் இராயப்பேட்டையில் நிறுவப்பெற்றது.

பஞ்சசீலத்தில் ஒரு சிறப்புண்டு. அதனை ஏற்பவனிடம் உன் குலம் யாது, தொழில் யாது என்று எவரும் வினவுவதில்லை. கொல்லாமை, திருடாமை, பிறன்மனை விழையாமை, பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய ஐந்தையும் நீ காப்பாயா என்பதே வினா. இதற்கு விடை கூற வேண்டியவன் அவனே. தந்தையோ பாட்டனோ அவனுக்காக விடை கூற இயலாது. ஒரு மனிதன் தன் வாழ்வில் முதன்முறையாகத் தன்னைத் தானே பெயரிட்டுக்கொள்ளும் தருணம் அது. பண்டிதரின் இல்லத்துப் பெயர்களிலும் இம்மாற்றம் தெரிகிறது. அவருடைய மகன் ஒருவர் பட்டாபிராமன். மகள் ஒருவர் மாயாதேவி. இராமனில் தொடங்கிய வீடு புத்தர்பிரானின் அன்னையிடம் வந்து சேர்ந்தது.

வேஷமும் யதார்த்தமும்

1907ஆம் ஆண்டு ஜூன் மாதம் 19ஆம் நாள் ஒரு பைசாத் தமிழன் என்னும் வார இதழ் வெளிவந்தது. ஏழையும் வாங்கத்தக்க விலையே இதழின் பெயராயிற்று. ஓராண்டு கழிந்தபின் அவ்விலைப் பெயர் நீங்கி, தமிழன் என்னும் பெயர் மட்டும் நின்றது. தாம் மறையும் வரை பண்டிதர் அதனை நடத்தினார். இந்திரர் தேச சரித்திரமும், புத்தர் பெருமானின் வரலாற்றையும் போதனைகளையும் விரித்துரைக்கும் ஆதிவேதமும், மருத்துவக் குறிப்புகளும், வாசகரின் ஐயங்களுக்கு விடைகளும் அதில் வெளிவந்தன.

பண்டிதரின் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வரும் சொற்கள் இரண்டு: வேஷம், யதார்த்தம். யதார்த்த பிராமணன், வேஷ பிராமணன் என்று அவர் பிரித்தார். பிராமணன், அந்தணன் என்பன பண்டு ஒழுக்கத்தாலும் ஞானத்தாலும் அடையத்தக்க நிலைகளைக் குறித்தன என்றும், அந்நிலையை அடையாதவர் அதன் கோலத்தை மட்டும் பூண்டு பிறப்புரிமையாக்கிக் கொண்டனர் என்றும் அவர் வாதித்தார். அரசர், வணிகர், வேளாளர் என்பனவும் தொழிற்பெயர்களே; செய்யும்வரை அப்பெயர் உண்டு, விட்டபின் இல்லை. தொழிலின் பெயர் குருதியின் பெயராக மாறியதே சாதி என்பது அவர் கருத்தின் சாரம்.

இக்கருத்து பகவான் புத்தரின் போதனையோடு பொருந்துவது. சுத்த நிபாதத்திலுள்ள வாசெட்ட சூத்திரத்தில், உழுது பிழைப்பவன் உழவன், கைத்தொழிலால் பிழைப்பவன் தொழிலாளி, செயலே ஒருவனை அவனாக்குகிறது என்னும் கருத்தைப் பகவான் விளக்குகிறார். புல்லுக்கும் பறவைக்கும் மீனுக்கும் பிறப்பால் வந்த வேற்றுமைக் குறிகள் உண்டு; மனித உடம்பில் அத்தகைய குறி ஒன்றும் இல்லை என்பது அங்கே கூறப்படும் காரணம்.

மக்கள் நாள்தோறும் ஆண்டுதோறும் செய்துவந்த வழக்கங்களைப் பண்டிதர் அழிக்க முற்படவில்லை. அவற்றின் பொருளை மாற்றினார். தீபாவளி என்பது எள்ளின் நெய்யைக் கண்டறிந்த பௌத்த முனிவரின் நினைவு என்றார். அம்மன் வழிபாட்டை, வேப்பிலையின் மருத்துவக் குணத்தைக் கண்டு மக்களின் வெம்மை நோயைத் தீர்த்த அம்பிகை என்னும் பிக்குணியின் நினைவு என்றார். நேற்றும் விளக்கேற்றினர், இன்றும் விளக்கேற்றினர். ஆனால் ஏன் ஏற்றுகிறோம் என்று அறிந்து ஏற்றுபவனும் அறியாது ஏற்றுபவனும் ஒருவர் ஆகார்.

பெங்களூரும் தங்கவயலும்

பண்டிதரின் சொல் வேரூன்றிய இடங்களுள் தலையாயது கோலார் தங்கவயல். 1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே சுரங்கம் தோண்டினர். தமிழ்நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான தொழிலாளர் அங்கே குடியேறினர். பூமிக்கடியில் பாறை உடைக்கும் தொழிலாளி மேலே வந்தால் கூலி லைனில் ஓர் அறை. மீண்டும் காலையில் சுரங்கம். அத்தகைய வாழ்வுடையோர் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்சிலும் பௌத்த சங்கங்களை அமைத்தனர். எம். ஒய். முருகேசர், ஜி. அப்பாதுரையார் முதலியோர் அங்கே தொண்டாற்றினர். தம் கூலியிலிருந்து எடுத்த காசால் தமிழன் இதழையும் நூல்களையும் தாங்கினர்.

தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் தொலைவு ஏறத்தாழ 100 கிலோமீட்டர். தண்டிலும் சங்கம் இருந்தது; இங்கும் தமிழன் இதழ் வந்தது. வாரம் முழுவதும் துரையின் குரலுக்கு ஓடிய ஒருவர் சங்கத்தில் அமர்ந்து பஞ்சசீலம் கூறும்போது, அங்கே அவர் பட்லரும் அல்லர், சாப்பரும் அல்லர், உபாசகர். இரவு விடிந்தால் அதே துரை, அதே லாயம். ஆயினும் அவர் அங்கே திரும்பிச் செல்லும்போது வேலையை வேலையாகவே செய்தார். அதனைத் தாமென்று எண்ணவில்லை. இவ்வேறுபாடு வெளியே தெரிவதன்று. ஆனால் மனிதன் நிமிர்வது இங்கேதான் தொடங்குகிறது.

1930ஆம் ஆண்டில் தங்கவயலில் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது, பல்லாயிரவர் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தனர். குற்றவாளியிடம் எடுக்கும் அடையாளத்தை உழைப்பாளியிடம் எடுப்பதா என்பது அவர்களின் மனக்கொதிப்பு. அப்போராட்டத்தில் பல மதத்தினரும் பல கட்சியினரும் இருந்தனர். அதனைப் பௌத்தருக்கு மட்டும் உரியதாக்குதல் பொருந்தாது. எனினும், தம்மைப் பிறர் எவ்வாறு பதிவு செய்கின்றனர் என்பதைக் குறித்துக் கேள்வி கேட்கும் பழக்கத்தை அவ்வூரில் முன்னரே விதைத்தவர்களுள் பண்டிதரும் ஒருவர்.

ஒரு குறை

பெரியோரின் வரலாற்றைப் புகழுரையாக மட்டும் எழுதுதல் பௌத்தருக்கு அழகன்று. பண்டிதர் தம் மக்களைப் பஞ்சமர் என்று அழைப்பதைக் கடிந்தார். அதற்குரிய காரணங்களுள் ஒன்று நம்மை வருத்துவது. தோட்டிகள், குறவர், வில்லியர் முதலிய ஏனைய எளிய மக்களோடு தம்மவரை ஒரே பெயரில் சேர்த்ததை அவர் ஏற்கவில்லை. தம்மவர் பண்டு அறிவால் உயர்ந்தவர், பகைவரால் தாழ்த்தப்பட்டவர். ஏனையோர் அத்தகையோர் அல்லர் என்னும் தொனி அவருடைய சில எழுத்துகளில் உண்டு. முன்னோர் பெருமையைக் கொண்டு தாழ்வை நீக்க முயல்பவருக்கு இவ்விடர் எப்போதும் காத்திருக்கும். ஏணியில் ஏறுவோர் கீழ்ப்படியில் நிற்பவரை மறந்துவிடலாகாது. குப்பை கூட்டும் தொழில் செய்த சுனீதரைப் பகவான் தம் சங்கத்தில் சேர்த்தார் என்பதை நாம் இங்கே நினைத்தல் வேண்டும்.

அவர் சொற்களுக்குக் கூறிய பொருள்கள் பலவற்றை மொழிநூலார் ஏற்பதில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு மக்களின் கடந்த காலத்தைப் பிறரே எழுதிவந்த நாளில், நாமே எழுதுவோம் என்று எழுதுகோலை எடுத்த துணிவு அதனால் குறைந்துவிடாது.

பெயரும் அநாத்மமும்

இனி ஓர் ஐயம் எழலாம். நான் என்று ஒன்று நிலையாக இல்லை என்பது பகவானின் அநாத்மக் கொள்கை. அவ்வாறாயின், ஒரு பெயரைத் தள்ளி மற்றொரு பெயரை ஏற்பதற்காக ஒருவர் வாழ்நாள் முழுவதும் போராடியது ஏன்? பௌத்தன் என்பதும் மற்றொரு பெயர்தானே?

மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் தேரை எடுத்துக்காட்டிய வரலாற்றை நம் அன்பர்கள் அறிவர். அச்சு தேரன்று, சக்கரம் தேரன்று, நுகம் தேரன்று. இவை கூடியவழித் தேர் என்று வழங்குகிறோம். மனிதனும் அவ்வாறே. பெயர் ஒரு வழக்கு. அதற்குள் மாறாத பொருள் ஒன்று இல்லை. இதனை ஒருவன் தெளிவாக உணர்ந்தால், இழிகுலம் என்பதும் வெறும் வழக்கே, அதற்குள் இழிவு என்னும் பொருள் ஒன்றும் இல்லை என்பதும் உடன் விளங்கும். உயர்குலம் என்பதற்கும் இதுவே முடிவு. சாதியின் அடியை இவ்வளவு ஆழமாக வெட்டும் கொள்கை வேறில்லை. ஆன்மா உண்டு, அது வினைக்கேற்பக் குலந்தோறும் பிறக்கிறது என்பார்க்குச் சாதியை நிலைநாட்ட இடமுண்டு. நிலையான ஆன்மாவே இல்லை என்பார்க்கு அவ்விடம் இல்லை.

பண்டிதரின் வாழ்க்கையை இவ்வொளியில் நோக்குக. காத்தவராயன், அயோத்திதாசர், அத்வைதி, ஆதித்தமிழர், சாதிபேதமற்ற திராவிடர், சாக்கிய பௌத்தர் என்று அவர் பெயர்களைக் கடந்து சென்றார். ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு தோணி. ஆற்றைக் கடந்தபின் தோணியைத் தலையில் சுமந்து செல்பவன் அறிவிலி என்பது பகவான் கூறிய உவமையின் கருத்து. ஆற்றின் நடுவே தோணியை உடைப்பவனும் அறிவிலியே. பௌத்தன் என்னும் பெயர் நமக்குக் கடப்பதற்குரிய தோணி. மார்தட்டிக் கொள்வதற்குரிய பட்டயம் அன்று. பஞ்சசீலம் காவாதவன் அப்பெயரைத் தாங்குவானாயின், பண்டிதரின் சொல்லால் கூறின், அவன் வேஷ பௌத்தனே ஆவான்.

மறைவும் அதன் பின்னும்

1914ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் நாள், தம் 69ஆம் வயதில் பண்டிதர் மறைந்தார். அவர் மகனார் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். 1926 முதல் அப்பாதுரையார் தங்கவயலிலிருந்து தமிழனை மீண்டும் வெளியிட்டார். 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் பல லட்சம் மக்களுடன் பௌத்தம் தழுவியபோது, தமிழ்ப் பௌத்தம் அரை நூற்றாண்டைக் கடந்திருந்தது. பெங்களூரில் மகாபோதி சங்கம் தோன்றியதும் அதே 1956ஆம் ஆண்டிலேயாகும்.

பண்டிதரின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2005ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்குகிறது. 2023ஆம் ஆண்டில் சென்னையில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது.

அவர் தொடுத்த பெயர்ப் போர் அவரோடு முடியவில்லை. பஞ்சமர் என்ற அரசாங்கம் 1922இல் ஆதி திராவிடர் என்றது. காந்தியார் ஹரிஜன் என்றார். 1935ஆம் ஆண்டுச் சட்டம் அட்டவணைச் சாதியார் என்றது. பின் வந்தோர் தலித் என்றனர். 1950ஆம் ஆண்டு ஆணையின்படி அட்டவணைச் சாதியார்க்குரிய உரிமை இந்துக்களுக்கு மட்டும் உரியதாயிற்று. 1956இல் சீக்கியரும், 1990இல்தான் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட 40 ஆண்டுகளில் பௌத்தம் தழுவியவர் தம் பிள்ளைகளின் கல்வியையும் வேலையையும் பணயம் வைத்தே தழுவினர். ஏட்டில் ஒன்றும் நெஞ்சில் ஒன்றுமாக வாழ நேர்ந்தவரும் பலர். அவர்களை நாம் குறை கூறோம்.

இன்றும் நம் இளைஞர் பலர் ஒரு கையில் சாதிச் சான்றிதழையும் மறு கையில் பஞ்சசீலத்தையும் ஏந்தி நிற்கின்றனர். சாதி இல்லை என்று உரைத்துக்கொண்டே சாதிச் சான்றிதழ் பெறலாமோ என்று அவர்கள் மயங்குகின்றனர். பண்டிதரின் வாழ்வே இதற்கு விடை. அவர் அரசாங்க ஏட்டைப் புறக்கணிக்கவில்லை, அதனோடு வாதாடினார். சான்றிதழ் என்பது நமக்கு இழைக்கப்பட்ட தீங்கின் பதிவு; தீங்குக்கு ஈடு பெறுவதற்குரிய சீட்டு. மருத்துவர் தரும் சீட்டில் நோயின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அச்சீட்டைக் காட்டி மருந்து வாங்குகிறோம். அதனால் நோயே நம் பெயர் ஆகிவிடுவதில்லை. உரிமையைத் தயங்காது பெறுக. சீட்டை நெஞ்சில் ஒட்டிக்கொள்ளற்க.

கங்கையும் யமுனையும் கடலில் கலந்தபின் தம் பெயரை இழந்து கடல் என்றே வழங்கப்பெறுதல் போல, எக்குலத்தாரும் சங்கத்தில் சேர்ந்தபின் குலப்பெயரை இழப்பர் என்பது பகவானின் உவமை. அல்சூரிலும் தங்கவயலிலும் இராயப்பேட்டையிலும் நூறாண்டுகளுக்கு முன் அக்கடலை நோக்கிச் சிற்றாறுகள் ஓடத் தொடங்கின. வழி வெட்டியவர் பண்டிதர். அவர் வெட்டிய வழியைத் தூர்ந்து போகாமல் காப்பதும், இன்னும் கரையில் நிற்பவரைத் தோட்டி என்றும் குறவர் என்றும் பிரிக்காது அழைத்துச் செல்வதும் தமிழ்ப் பௌத்தராகிய நம் அனைவரின் கடமையாகும்.